சாமானை நீ பாரு, ஆளை நான் பாக்கறேன்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் எதை வாங்கப் போனாலும் கடைசிக் காம்பிரா அக்காவைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆடு, அலுமாரி, கைப்பேசி, கல்யாணச் சேலை, எதுவானாலும் சரி. அந்தச் சாமான்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியும் என்று அவர் சொல்லிக்கொண்டதும் இல்லை. "சாமானை நீ பாரு, ஆளை நான் பாக்கறேன்" என்பார். கடைக்குள் நுழைந்ததும் ஓரமாக நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, விற்கிறவருடைய முகத்தையும் கையையும் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் அந்த ஆளுக்கு வியர்க்க ஆரம்பித்துவிடும். டிக்கோயாவின் குளிரிலும் வியர்க்கும்.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அடையாள அட்டையில் இருந்தது, தோட்டத்துப் பேர்ப் புத்தகத்தில் இருந்தது. லயத்துக்குள் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. லயத்து வீட்டைக் காம்பிரா என்போம். வரிசையில் கடைசி வீடு அவருடையது. அதனால் கடைசிக் காம்பிரா அக்கா.

கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவரைப் பார்த்திருக்க வேண்டும். எல்லோரும் சாக்கைத் தராசில் மாட்டிவிட்டு முள்ளைப் பார்ப்பார்கள். அக்கா முதலில் தன் சாக்கைக் கையால் தூக்கி, கண்ணை மூடி, "பதினெட்டரை" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிடுவார். அதற்குப் பிறகுதான் தராசில் மாட்டுவார். முள் பதினேழரையில் நின்றால் சாக்கை எடுக்க மாட்டார். அப்படியே நிற்பார். பின்னால் வரிசை நீளும். மழை வரும். கடைசியில் கணக்கப்பிள்ளை தராசை இரண்டு தட்டுத் தட்டுவார். முள் பதினெட்டரைக்குப் போகும். "தராசுக்குத் தூக்கம் வந்திருச்சு போல" என்று சொல்லிவிட்டு அக்கா நகர்வார்.

அவருக்குப் பின்னால் நிற்க எல்லோருக்கும் ஆசை. பக்கத்து வீட்டில் இருக்கத்தான் யாருக்கும் பிடிக்காது. ஒரு தீபாவளிக்கு, லயத்துக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒரு தட்டில் முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா தட்டையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "எல்லாருக்கும் குடுக்கறியா, எனக்கு மட்டுமா?" என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். அவளுடைய மாமியார் அடுத்த தீபாவளி வரைக்கும் அக்காவோடு பேசவில்லை. அக்காவுக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. முறுக்கை மட்டும் மறுநாள் சாப்பிட்டார் என்று சொன்னார்கள்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு லயத்தில் ஆளுக்கொரு கதை இருந்தது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது சம்பளம் கொடுக்காமல் ஏமாற்றினார்கள் என்றார்கள். புருஷன் காதில் கிடந்ததைக் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்றார்கள். நான் ஒருமுறை அவரிடமே கேட்டேன். "நான் பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, எதற்காகக் கேட்டேன் என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நான் ஹட்டனில் ஒரு பார்மசியில் வேலை செய்தேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் படங்களைத் திருத்திக் கொடுப்பேன். கல்யாணம், சடங்கு, பிறந்தநாள். எல்லாவற்றையும் கைப்பேசியிலேயே செய்துகொண்டிருந்தேன். விரல் அளவு முகத்தில் பருவை அழித்து, பின்னால் தொங்குகிற மின்வயரை மறைத்து, பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்புவேன். ஒருநாள் அக்கா என் பின்னால் வந்து நின்று பார்த்தார். படத்தில் இருந்தது எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவுப் பெண், அவருக்குத் தெரிந்தவள்.

"இந்தப் புள்ள இப்படி இல்லையே."

"எல்லாரும் இப்படித்தான் கேக்கறாங்க அக்கா."

"அப்ப நீயும் யாபாரிதான்" என்றார். அன்றிலிருந்து விற்கிறவர்களைப் பார்க்கிற அதே பார்வையை எப்போதாவது என் மேலும் வைப்பார். எனக்கு உள்ளுக்குள் கூசும்.

பிறகு ஒருநாள் ஸ்டூடியோக்கார அண்ணன் என்னைக் கூப்பிட்டு, கைப்பேசியில் நான் திருத்தி அனுப்பிய படங்கள் அச்சில் நீலம் பாய்ந்து வருகின்றன என்றார். நல்ல ஸ்கிரீனோடு ஒரு கம்பியூட்டர் வாங்கினால் முழு ஆல்பம் வேலையையும் எனக்கே தருவதாகவும், இல்லையென்றால் கொட்டகலையில் ஒரு ஆள் இருப்பதாகவும் சொன்னார். வைகாசிக் கல்யாணங்கள் வரப்போகின்றன. அதற்குள் வாங்கியாக வேண்டும். என்னிடம் இருந்தது எண்பதாயிரம் ரூபாய். இரண்டு வருடச் சேமிப்பு. ஏமாந்துவிட்டால் இன்னொரு தடவை வாங்க வழியில்லை. அக்காவிடம் போய் நின்றேன்.

முதலில் ஹட்டன் டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடைக்குப் போனோம். பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு கம்பியூட்டரைக் காட்டினார்கள். எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை. விற்பனைக்கு நின்றவர் என்னிடம் எல்லாமே ஓடும் என்றார். விளையாட்டு, வீடியோ, போட்டோ எல்லாம்.

அக்கா முதல்முறையாக வாயைத் திறந்தார். "இதுல ஓடாதது என்ன தம்பி?"

அப்படி ஒன்றும் இல்லை என்றார் அவர்.

"இந்த வெளிச்சம் போட்டோவுக்கு என்ன செய்யும்?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் என்னிடம், ஒரு குறையையாவது தானாகச் சொல்கிறவனிடம்தான் வாங்க வேண்டும் என்றும், குறையே இல்லை என்கிறவன் பெரிய குறை ஒன்றை மறைக்கிறான் என்றும் சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அண்ணனின் பழுதுபார்க்கும் கடை இருந்தது. ஒடுக்கமான கடை, மேசை முழுக்கக் கழற்றிப்போட்ட பெட்டிகள். நானா குறைகளை மட்டும்தான் சொன்னார். அவரிடம் இருந்த இரண்டு கம்பியூட்டர்களும் அலுவலகத்தில் கடிதம் அடிக்கத்தான் சரி, படத்துக்கு ஆகாது என்றார். படம் திருத்த விளக்கும் வேண்டாம், விளையாட்டுக்கு வைக்கிற விலைகூடிய கார்டும் வேண்டாம். பழைய பெட்டியானாலும் ரேம் பதினாறு இருக்க வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும், மிச்சக் காசு முழுவதையும் மொனிட்டரில் போடு என்றார். மொனிட்டரைப் பக்கவாட்டிலிருந்து பார், நிறம் மாறினால் வாங்காதே என்றார். எல்லாவற்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். ஒரு சதம் வாங்கவில்லை.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பஸ் ஏறியதும் அக்கா, "அந்த நானா எதுக்கு இவ்வளவு நல்லவனா இருக்காரு?" என்றார்.

அந்த வாரம் பேஸ்புக்கில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. நோட்டன் பிரிட்ஜில் ஒரு வீட்டில் கம்பியூட்டர் விற்பனைக்கு. நானா எழுதிக் கொடுத்த அத்தனையும் அதில் இருந்தன. மொனிட்டர் படம் திருத்துகிறவர்கள் ஆசைப்படுகிற வகை. விலை அறுபதாயிரம். அதை வாங்கினால் கரண்ட் போகும்போது கைகொடுக்கிற யூ.பி.எஸ்.ஸும் மிச்சக் காசில் வாங்கிவிடலாம். நான் அக்காவிடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. "ஏன் இவ்வளவு கொறச்சலு?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை போனோம். பாதைக்கு மேலே படியேறிப் போகிற சிறிய வீடு. முற்றத்திலிருந்து பார்த்தால் அணைக்கட்டுத் தண்ணீர் தெரியும். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் திறந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. மேசையில் பூப்போட்ட துணியால் மூடியிருந்த கம்பியூட்டரைத் திறந்து காட்டினாள். நான் பக்கவாட்டில் நின்று மொனிட்டரைப் பார்த்தேன். நிறம் கொஞ்சமும் மாறவில்லை. அப்போதே அது எனக்கென்று முடிவாகிவிட்டது.

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் பக்கத்தில் ஏதோ ஸ்டிக்கர் ஒட்டியிருந்து, சுரண்டி எடுத்த தடம் இருந்தது. பெயிண்ட் போகிற அளவுக்குச் சுரண்டியிருந்தது. அக்கா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

பில் இருக்கிறதா என்று கேட்டார். தொலைந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். இது யார் பாவித்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றாள். அவர் எங்கே என்றதற்கு, கட்டாரில் வேலை என்றாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டார். பேச்சு வேறு எங்கெங்கோ போனது. மழையைப் பற்றி, பஸ் வராததைப் பற்றி. நான் ரேமைப் பார்த்து, நானாவின் காகிதத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் அக்கா சர்வசாதாரணமாக, "துபாய்ல இப்ப வெயிலு தாங்காதே, வூட்டுக்காரருக்கு கஷ்டமா இருக்குமே" என்றார்.

"ஆமாங்க அக்கா. ரொம்ப வெயிலுன்னு சொன்னாரு" என்றாள் அவள்.

என் விரல் மௌஸில் அப்படியே நின்றது. அக்கா அவசரப்படவில்லை. வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுத் தரச் சொன்னார். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார். அவர் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார் என்றாள் அந்தப் பெண். அவளுடைய கை சேலை முந்தியைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தார்.

"கட்டார்னு சொன்னீங்க. துபாய்னா அதுக்கும் ஆமாங்கறீங்க. பில்லு இல்ல. ஒட்டியிருந்த பேரை சொரண்டியிருக்கு. வெலையும் ரொம்பக் கொறச்சலு." அக்கா குரலை உயர்த்தவில்லை. "இது யாரு வூட்டு சாமான் தங்கச்சி?"

அந்தப் பெண் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு கோப்பைத் திறந்தாள். மொனிட்டர் முழுக்கப் படங்கள் விரிந்தன. தேர்த் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, யார் யாருடையதோ கல்யாணங்கள். இன்னும் கீழே போனாள். அவளுடைய படங்கள். அணைக்கட்டு ஓரத்தில், சமையலறையில், மழையில் குடையோடு, தலை துவட்டிக்கொண்டு. நூற்றுக்கணக்கில். அவளை அவ்வளவு அழகாக யாரோ உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

"அந்தப் பேரை நான்தான் சொரண்டினேன். கத்தியால" என்றாள். "என் பேருலதான் ஸ்டூடியோ வச்சிருந்தாரு. போன சித்திரையில ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போறேன்னு கேமராவ தூக்கிட்டுப் போனாரு. வரல. எங்கன்னு தெரியாது. யாரோடன்னு தெரியும். கேக்கறவங்களுக்கெல்லாம் கட்டார்னு சொல்லிச் சொல்லி பழகிருச்சு."

கம்பியூட்டரை அணைத்தாள். துணியை எடுத்து மூடினாள். "நீங்க போகலாம்" என்றாள்.

படியிறங்கி வந்து பாதையோரத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பொய்தானே சொன்னா?" என்றார்.

எனக்குக் கோபம் பொங்கியது. உலகத்தில் எல்லோரையும் கள்ளர்களாகவே பார்க்கிறீர்கள், கொடுத்த முறுக்கைக்கூடச் சந்தேகப்பட்டவர்தானே நீங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவரோடு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அக்கா பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார். அந்த வாரம் முழுவதும் குழாயடியில் பார்த்தாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பெண்ணிடம் அவர் கேட்டது தப்பு என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதே கேள்வியை நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்பதும், அக்கா அதை எனக்காக வாய்விட்டுக் கேட்டார் என்பதும் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. பொய்யைக் கண்டுபிடிப்பதில் அக்கா அன்றைக்கும் தவறவில்லை. பொய்க்குப் பின்னால் திருட்டுத்தான் இருக்கும் என்று நினைத்ததில்தான் தவறிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே நோட்டன் பிரிட்ஜுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போனேன். அந்த மொனிட்டரும் மனதை விட்டுப் போகவில்லை. இரண்டில் எது என்னை இழுத்துக்கொண்டு போனது என்று கேட்டால் இப்போதும் என்னால் சொல்ல முடியாது.

அந்தப் பெண் கதவைத் திறந்து உள்ளே வரச் சொன்னாள். கோபம் இல்லை. நான் தயார்செய்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்குவதற்குள், "ஒங்ககூட வந்த அக்கா புதன்கிழமை வந்தாங்க" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அக்கா தனியாகவா என்று கேட்டேன். தனியாகத்தான். வேலை நாளில். அன்றைய பேரை, ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டாரா என்றதற்கு, இல்லை என்றாள். வந்து உட்கார்ந்தார், தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார், ஸ்டூடியோவைப் பற்றியும் வீட்டுக்காரரைப் பற்றியும் கேட்டார், நானும் எல்லாவற்றையும் சொன்னேன் என்றாள். படங்களை அழித்துவிட்டுக் கம்பியூட்டரைக் கொடுத்துவிடலாம் என்று இருந்தாளாம். ஒன்றையும் அழிக்காதே, நாளைக்குக் கோர்ட்டில் ஜீவனாம்சம் கேட்க வேண்டி வந்தால் இன்னாரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன் என்பதற்கு இதெல்லாம் சாட்சி, அந்த ஆள் ஒருநாள் வந்து உன்னைத் தெரியாது என்று சொன்னாலும் சொல்வான் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் என்னிடம் ஒரு பென் டிரைவைக் கொடுத்தாள். நான் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் அதில் ஏற்றினேன். நிறைய நேரம் எடுத்தது. அவள் ஒரு தடவையும் மொனிட்டர் பக்கம் திரும்பவில்லை.

முடிந்ததும் அறுபதாயிரத்தை எடுத்து மேசையில் வைத்தேன்.

"எழுபத்தஞ்சு" என்றாள்.

விளம்பரத்தில் அறுபது என்றுதான் இருந்தது என்றேன். அவள் கொஞ்சம் சங்கடப்பட்டாள், ஆனால் பின்வாங்கவில்லை. "அந்த அக்காதான் சொன்னாங்க. இந்தச் சாமானுக்கு எழுபத்தஞ்சு நாயமான வெலையாம். அந்தப் புள்ள நல்ல புள்ளதான், ஆனா கொறச்சுக் கேப்பா, ஒரு ரூவாயும் விட்டுறாதன்னாங்க."

யூ.பி.எஸ். கனவு அங்கேயே போனது. நான் கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

பெட்டியை ஒரு சாக்கில் கட்டி, மொனிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வளைவுக்கு வளைவு அது என் நெஞ்சில் இடித்தது. என்னுடைய ஆளாக வந்தவர், எனக்குத் தெரியாமல் போய் விலையை ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். எதற்காக? பதினைந்தாயிரம் சும்மா ஏறுமா? கமிஷன் பேசியிருப்பாரோ? அந்தப் பெண்ணிடம் ஐயாயிரம் உனக்கு, பத்தாயிரம் எனக்கு என்று முடித்திருப்பாரோ? இதுவரைக்கும் எங்கள் லயத்து ஆட்களோடு கடை கடையாகப் போனதெல்லாம் என்ன கணக்கு? ஹட்டன் வருவதற்குள் அவர் வாங்கிக் கொடுத்த ஆடுகளையும் அலுமாரிகளையும்கூட ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு முடித்திருந்தேன். வேறொருவருடைய கண்ணால் பார்க்க அவ்வளவு சீக்கிரம் பழகிவிடும் என்று எனக்குத் தெரியாது.

தோட்டத்துப் பாதையில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். லயத்துக்கு இன்னும் முப்பது படி ஏற வேண்டும். அக்கா படிக்குக் கீழே விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். என்னையும் சாக்கையும் பார்த்தார். ஒரு வாரத்துக்குப் பிறகு நான்தான் முதலில் பேசினேன்.

"எழுபத்தஞ்சு குடுத்தேன்."

"நாயமான வெலதான். நானாகிட்ட கேட்டுட்டுத்தான் போனேன். அந்தாளு எண்பதுன்னாரு. நான்தான் ஒனக்காக அஞ்ச கொறச்சேன்."

"நான் ஒங்கள எனக்காகத்தானே கூட்டிட்டுப் போனேன் அக்கா. நீங்க அவங்க பக்கம் போயி வெலைய ஏத்தி விட்டா என்ன அர்த்தம்? ஒங்களுக்கு என்ன கெடச்சது?"

கடைசிக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்டுவிட்டேன். அக்கா என்னை நேராகப் பார்த்தார். கடைக்காரர்கள் மேல் வைக்கிற பார்வை அது என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவர் மிகவும் களைத்திருந்தார்.

"நீ ஒன் பக்கத்துக்கு ஒரு ஆளக் கூட்டிட்டுப் போன" என்றார். "அவ பக்கத்துல யாரு புள்ள இருந்தா?"

அவர் விறகுக்கட்டைப் பாதையோரமாகத் தள்ளி வைத்துவிட்டு வந்து, சாக்கின் மேல் மொனிட்டரை வைத்து ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கத்தைப் பிடித்தேன். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு, படி படியாக மேலே ஏறினோம்.